அம்பாசிடர் முன்பக்கம் திரும்பப் பூட்டியபின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் முறை

மட்கார்டு, பானெட், கிரில், பம்பர், ஹெட்லைட் டூம் எல்லாவற்றையும் கழற்றி, டிங்கரிங் முடித்து, பெயிண்ட் அடித்துத் திரும்பப் பூட்டும் பழைய அம்பாசிடருக்கு இந்தக் குறிப்பு. லூக்காஸ் (பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனம்) முறை வயரிங்கும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை 1489 சி.சி. எஞ்சினும் கொண்ட வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. 1990களில் வந்த இசுசு 1800 எஞ்சின் வண்டிகளில் சார்ஜ் கொடுக்க டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இருக்கும். அவற்றுக்கு டைனமோ பகுதி பொருந்தாது, லைட்டும் எர்த்தும் (மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் வழி) பற்றிச் சொல்வது பொருந்தும்.

பூட்டும் வரிசை தவறினால் ஒவ்வொரு கோளாறுக்கும் பாதி வண்டியைத் திரும்பக் கழற்ற வேண்டிவரும். ரேடியேட்டரும் உள் தகடுகளும் முதலில். அடுத்து மட்கார்டு இரண்டும், போல்ட்டுகள் கையால் திருகிய அளவில் மட்டும். அதன்பின் பானெட். இடைவெளி சரிபார்த்து மட்கார்டை இறுக்கியபின் வயரிங், லைட், ஹாரன். எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் கிரில். பம்பர் கடைசி. வண்டி பார்க்க முழுசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் கிரிலையும் பம்பரையும் முதலில் மாட்டிவிடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. கிரிலுக்குப் பின்னால் இருக்கும் எர்த் போல்ட்டை அதன்பின் கையால் எட்ட முடியாது.

சோதனைக்கு வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு மீட்டர் வயர் இணைத்த டெஸ்ட் லாம்ப், 7/16, 1/2 அங்குல ஸ்பேனர், 80ஆம் நம்பர் உப்புத்தாள், ஸ்டார் வாஷர் ஒரு கைப்பிடி, பெட்ரோலியம் ஜெல்லி. கிட்டத்தட்ட எல்லாக் கோளாறையும் இவற்றை வைத்தே பிடித்துவிடலாம்.

தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய லூக்காஸ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் வழக்கம். பின்னாளில் யாராவது மாற்றியும் இருக்கலாம். எது எர்த் என்று தெரியாமல் பேட்டரியை மாட்டினால் ரேடியோவும் எலக்ட்ரானிக் பிளாஷரும் அந்த நிமிடமே போய்விடும். டெஸ்ட் லாம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது, மீட்டர் மட்டும் மைனஸ் காட்டும்.

“லைட்டு போட்டா மங்கலா எரியுதுங்ணா, இன்டிகேட்டரும் கூடவே மினுக்குது”

பெயிண்ட் அடித்து வந்த வண்டிகளில் முதலில் கேட்கும் புகார் இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: எர்த் இல்லை. ஹெட்லைட்டின் கறுப்பு வயர் முன் தகட்டில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்தத் தகட்டில் பிரைமர், பட்டி, 2கே பெயிண்ட், கிளியர் என்று நான்கு அடுக்கு ஏறியிருக்கும். வயர் பார்க்க இறுக்கமாக நிற்கும், மின்சாரத்துக்குத் திரும்பும் வழி இருக்காது. மடையை அடைத்தால் வாய்க்கால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்வதுபோல, பல்பு வழியே வந்த மின்சாரம் அதே டூமில் இருக்கும் பார்க்கிங் பல்பு, இன்டிகேட்டர் பல்பு வழியே வேறு எர்த்தைத் தேடிப் போகும். அதனால்தான் ஒன்று போட்டால் மற்றொன்று மினுக்குகிறது. டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றாக மங்கலாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பக்கத்து எர்த்தைப் பாருங்கள்.

உறுதி செய்ய, லைட்டைப் போட்டு வைத்து அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலேயே (கிளாம்பில் அல்ல) வையுங்கள், மறு முனையை ஹெட்லைட் பல்பின் எர்த் பின்னில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட் காட்டினாலே வேலை இருக்கிறது என்று பொருள். அடுத்து பேட்டரியின் லைவ் கம்பத்துக்கும் பல்பின் லைவ் பின்னுக்கும் இடையே அளங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

மீட்டரில் ‘பீப்’ சத்தம் வைத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம். பல இழை வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், 5 ஆம்பியர் போகும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். பல்பை மாற்றி, டூமை மாற்றிச் செலவு செய்பவர்கள் பலரும் இந்த ஒரு வோல்ட்டைத் தேடியிருக்க வேண்டியவர்கள்.

சரிசெய்ய, போல்ட்டைக் கழற்றி, வாஷர் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயிண்டை உப்புத்தாளால் பளபளக்கும் தகடு தெரியும்வரை தேயுங்கள். வயர் முனைக்கு ஈயம் வைத்த அல்லது சரியான பிளையரில் அழுத்திய திம்பிள் (வளைய முனை) போடுங்கள். தகடு, ஸ்டார் வாஷர், திம்பிள், வாஷர், நட் என்ற வரிசை. இறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி. வைகாசி, ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் அடிக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஓடும் வண்டிகளில் ஜெல்லி பூசாத எர்த் போல்ட் இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும்.

இன்னும் நல்ல வழி, தகட்டை நம்பாமலே இருப்பது. இரண்டு டூம், இரண்டு பார்க்கிங் லைட் எல்லாவற்றின் கறுப்பு வயரையும் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரால் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 4 ஸ்கொயர் கறுப்பு வயர் ஒன்றை நேரே பேட்டரி எர்த்துக்கு இழுங்கள். ஹார்னஸோடு (வண்டியின் வயர்க் கட்டு) சேர்த்துக் கட்டிவிட்டால் வெளியே தெரியாது. பழைய வண்டியின் தோற்றமும் கெடாது.

இதோடு எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள பட்டை எர்த்தையும் பாருங்கள். எஞ்சினுக்கு பெயிண்ட் அடித்தபோது அது விடுபட்டிருந்தால் செல்ஃப் அடிக்கும்போது சோக் வயரோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடாகிப் புகையும். செல்ஃபுக்குப் போகும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரும் அந்த மெல்லிய கேபிள் வழியே திரும்பப் பார்ப்பதுதான் காரணம்.

“எல்லா லைட்டுமே டல்லடிக்குது, எர்த் எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க”

பல்பைக் கழற்றி அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற லாரி ஊர்களில் கடை அலமாரியில் 24 வோல்ட் பல்பும் 12 வோல்ட் பல்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 24 வோல்ட் பல்பு 12 வோல்ட்டில் எரியும், மஞ்சளாக, மங்கலாக. 24 வோல்ட் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) 12 வோல்ட்டில் இழுக்கவே இழுக்காது, அல்லது எஞ்சின் வேகம் ஏறும்போது மட்டும் இழுத்து விட்டுவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் “12 வோல்ட், கார்க்கு” என்று சொல்லி, எழுத்தையும் பார்த்து வாங்குங்கள்.

“பத்து நிமிஷம் நல்லா எரியுது, அப்புறம் மங்குது, சுவிட்ச் தொட்டா சுடுது”

இந்த வண்டிகளில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச், காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச் இரண்டின் வழியாகவும் போய்த்தான் முன்னால் வரும். 60/55 வாட் எச்4 பல்பு இரண்டு போட்டால் பிரைட்டில் சுமார் 9 ஆம்பியர். தேய்ந்த சுவிட்ச் அதைத் தாங்காது.

இரண்டு ரிலே போடுங்கள், ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. பழைய நீல-சிவப்பு, நீல-வெள்ளை வயர்கள் இப்போது ரிலேயின் 86ஆம் முனையில் மட்டும் போகும். 85 எர்த். 30இல் பேட்டரியிலிருந்து 4 ஸ்கொயர் வயர். 87இலிருந்து இடது டூமுக்கு ஒரு 10 ஆம்பியர் பியூஸ், வலதுக்குத் தனியாக ஒரு 10 ஆம்பியர் பியூஸ், வயர் 2.5 ஸ்கொயர். இரண்டு டூமுக்கும் சேர்த்து ஒரே பியூஸ் போடுவது செலவு மிச்சம்போலத் தோன்றும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் ராத்திரியில் அந்த ஒரு பியூஸ் போனால் இரண்டு கண்ணும் ஒன்றாக அணைந்துவிடும்.

100/90 வாட் பல்பு வேண்டாம். லூக்காஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். 100 வாட் இரண்டு பிரைட்டில் எரிந்தால் 15 ஆம்பியர் அங்கேயே போய்விடும், மிச்சத்தில் இக்னிஷன், டெயில் லைட், வைப்பர் எல்லாம் ஓட வேண்டும். டைனமோ குறைந்த வேகத்தில் ஒன்றும் தராது என்பதால் ஊருக்குள் மெல்லப் போகும்போது பேட்டரிதான் இறங்கும்.

“ஒரு பக்கம் டிம், ஒரு பக்கம் பிரைட்”

ஒரு டூமின் சாக்கெட்டில் இரண்டு வயர் மாறியிருக்கிறது. லூக்காஸ் நிறக் கணக்கில் நீல-வெள்ளை பிரைட், நீல-சிவப்பு டிம், கறுப்பு எர்த். ஆனால் வண்டிக்கு ஒருமுறை உள்ளூரில் வயரிங் மாற்றியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. பல்பைக் கையில் வைத்துப் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். கீழே சின்ன உலோகக் கிண்ணம் உள்ள இழை எரிந்தால் அது டிம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக மாறியிருந்தால் காலால் மிதிக்கும் டிப்பரில் வித்தியாசமே தெரியாது, ஒவ்வொரு மிதிக்கும் மாறுவதுதானே அதன் வேலை. டேஷ்போர்டில் உள்ள பிரைட் அடையாள விளக்கைப் பாருங்கள். டிம் எரியும்போது அது எரிந்தால் இரண்டு சாக்கெட்டும் தவறு.

“இன்டிகேட்டர் ஒரு சைடு மட்டும் சரியா மின்ன மாட்டேங்குது”

சூடாகி இயங்கும் பழைய பிளாஷருக்கு 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஒன்று எரியாவிட்டாலும், 10 வாட் பல்பு போட்டாலும், எல்.இ.டி. மாற்றினாலும் வேகம் மாறும் அல்லது மின்னாமல் நின்றுவிடும். எனவே பிளாஷரை மாற்றும் முன் நான்கு பல்பின் வாட்டையும் பாருங்கள், பிறகு அந்தப் பக்கத்து எர்த்தை. இடது பச்சை-சிவப்பு, வலது பச்சை-வெள்ளை.

பார்க்கிங் பிரகாசமாகவும் இன்டிகேட்டர் மங்கலாகவும் இருந்தால் இரட்டை இழை 21/5 வாட் பல்பைத் தலைகீழாகத் திருகியிருக்கிறார்கள். அதன் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. தேய்ந்த ஹோல்டரில் வலுக்கட்டாயமாக எப்படியும் உட்காரும்.

“ஹாரன் விடாம அடிக்குது” அல்லது “அடிக்கவே இல்லை”

இந்த வயரிங்கில் ஹாரனுக்கு ஊதா வயரில் எப்போதும் லைவ் இருக்கும், ஸ்டீயரிங் பொத்தான் எர்த்தை மட்டும் கொடுக்கும். விடாமல் அடித்தால் ஊதா-கறுப்பு வயர் எங்கோ பாடியில் உரசுகிறது: ஹாரன் முனையிலிருந்து அதைக் கழற்றுங்கள், சத்தம் நின்றால் கோளாறு ஸ்டீயரிங் பக்கம். அடிக்காவிட்டால் அதே முனையிலிருந்து ஒரு வயரை எர்த்தில் தொடுங்கள். அடித்தால் ஹாரன் நல்லது, பொத்தானுக்குப் போகும் வழிதான் கெட்டது.

சத்தம் கம்மிக் குரலாக வந்தால் ஹாரன் உடல் மட்கார்டையோ கிரிலையோ தொடுகிறதா பாருங்கள். ஹாரன் அதன் பட்டைத் தாங்கியில் தனியாக அதிர வேண்டும். கடினமான இரும்புத் துண்டில் வெல்டு வைத்துப் பூட்டினால் நல்ல ஹாரனும் ஊமையாகிவிடும்.

“பியூஸ் போட்டதும் போயிருது”

பியூஸ் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் டெஸ்ட் லாம்பின் இரண்டு வயரையும் மாட்டுங்கள். எங்கோ ஷார்ட் இருந்தால் லாம்ப் முழுதாக எரியும். இப்போது ஹார்னஸை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். லாம்ப் மங்கும் அல்லது அணையும் இடத்தில்தான் வயர் நசுங்கியிருக்கிறது.

வழக்கமாக அகப்படும் இடங்கள்: டூம் பின்னால் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் இல்லாமை, கிரிலின் ஸ்க்ரூ முனை ஹார்னஸில் குத்துவது, பானெட் கீலில் வயர் மாட்டிக்கொள்வது, பம்பர் தாங்கிக்கும் தகட்டுக்கும் இடையே நசுங்குவது. புது பெயிண்ட் தடிமனால் பழைய கிராமெட் நுழையவில்லை என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. ஓட்டையை அரத்தால் கொஞ்சம் அகட்டி, வெட்டிய விளிம்புக்குப் பெயிண்ட் தொட்டு, கிராமெட் போட்டே ஆக வேண்டும்.

தோட்டத்துச் சாளையில் வருடக்கணக்கில் நின்ற வண்டியானால் எலி கடித்த வயர் ஹார்னஸுக்கு நடுவே டேப்புக்குள் ஒளிந்திருக்கும். வெளியே பார்த்துப் பயனில்லை, டேப்பைப் பிரிக்க வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் கடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முன்பக்க ஹார்னஸையே புதிதாகக் கட்டுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு கோடை வெயிலில் பசை வழிந்து அவிழ்ந்துவிடும். அழுத்திய இணைப்பும் சூடாக்கிச் சுருங்கும் ஸ்லீவும்தான் நிற்கும்.

பியூஸ் அளவில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. பழைய லூக்காஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அதற்குப் பதிலாக இன்றைய பிளேடு பியூஸ் போடுகிறீர்களானால் 15 அல்லது 20 போடுங்கள், 35 போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும். இன்னொன்று, பழைய வயரிங்கில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே இல்லை. அங்கே ஷார்ட் ஆனால் நேரே வயர்தான் எரியும். பேட்டரிக்கு ஒரு கட்ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டே சோதனையைத் தொடங்குங்கள்.

“சார்ஜ் ஏறல”

கட்அவுட் பெட்டியின் (டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்அவுட்டும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் உள்ள பெட்டி) ‘இ’ முனை எர்த் வயரை முதலில் பாருங்கள். பெயிண்ட் மேல் பூட்டியிருந்தால் கட்அவுட்டின் சுருளுக்கு மின்சாரம் திரும்பாது, அது மூடாது, சார்ஜ் பேட்டரிக்குப் போகாது. அதைவிட மோசம், ரெகுலேட்டரும் வேலை செய்யாமல் டைனமோ கட்டுப்பாடின்றி வோல்டேஜ் ஏற்றும்.

அது சரியென்றால் டைனமோவில் உள்ள இரண்டு வயரையும் கழற்றி, ‘டி’, ‘எஃப்’ முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, மீட்டரை அதற்கும் எர்த்துக்கும் இடையே வையுங்கள். எஞ்சினை மெல்ல 1000 ஆர்.பி.எம். வரை ஏற்றினால் வோல்டேஜ் தடுமாறாமல் ஏற வேண்டும். 20 வோல்ட் தாண்ட விடாதீர்கள். ஏறாவிட்டால், அல்லது எர்த் மாற்றியிருந்தால், டைனமோவுக்குத் துருவம் ஏற்ற வேண்டும்: வயர்கள் கழன்ற நிலையில் பேட்டரி லைவிலிருந்து ஒரு வயரை டைனமோவின் ‘எஃப்’ முனையில் நொடிக்கும் குறைவாக மூன்று நான்கு முறை தொட்டு எடுங்கள். ‘டி’, ‘எஃப்’ வயரை மாற்றிப் போட்டால் ரெகுலேட்டரின் காண்டாக்ட் கருகிவிடும்.

“கதவு திறந்தா மட்கார்டுல இடிக்குது, பானெட் ஒரு பக்கம் ஏறி நிக்குது”

மட்கார்டைத் தொடும் முன் கதவுக் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் தூக்கினால் ஆட்டம் இருந்தால் அதுதான் முதலில். கதவு தொங்கினால் மட்கார்டை எவ்வளவு நகர்த்தினாலும் பயனில்லை.

கதவு சரியென்றால் மட்கார்டின் எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, கதவுப் பக்கத்து இடைவெளியில் 5 மி.மீ. அட்டைத் துண்டை மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். கதவுப் பக்கத்திலிருந்து முன்னால் போகும் வரிசையில் இறுக்குங்கள். முன்பக்கத்தை முதலில் இறுக்குபவர்களுக்குப் பின்னால் மட்கார்டு இழுத்துக்கொண்டு கதவை நோக்கி வரும். மட்கார்டுக்கும் அது பூட்டும் தகட்டுக்கும் இடையே சிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்தால்தான் வரும் என்ற நிலை இருந்தால் தயக்கமின்றி வையுங்கள். கரூர் பஸ் பாடிப் பட்டறைகளில் கற்ற டிங்கர்கள் இந்தச் சிம் வேலையில் கை தேர்ந்தவர்கள், அப்படி ஒருவரிடம் அரை நாள் கொடுப்பது வீண்செலவல்ல.

பானெட்டுக்கு, பின்பக்க இடைவெளி முதலில், பக்கவாட்டு அடுத்து, உயரம் கடைசி. லாக்கின் கொக்கியை முற்றிலும் கழற்றி வைத்துவிட்டுப் பானெட்டை உட்கார வையுங்கள். கொக்கி இருந்தால் அது பானெட்டைத் தன் பக்கம் இழுத்து உங்களை ஏமாற்றும். இடைவெளி சரியானபின்தான் கொக்கியைப் பூட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல்முறை மூடும் முன், பானெட் திறந்திருக்கும்போதே லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடி, உள்ளேயிருந்து கேபிளை இழுத்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் மூடிய பானெட்டைத் திறக்கக் கிரிலைக் கழற்ற வேண்டியிருக்கும்.

போல்ட் ஏறவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். பெயிண்ட் புகுந்த நட்டுக்குள் 5/16 அல்லது 1/4 அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான அங்குல மரை) டேப்பை, அதாவது மரை வெட்டும் கருவியை, ஓட்டுங்கள். கடையில் 8 மி.மீ. போல்ட் “கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க” என்று தருவார்கள். 5/16 யு.என்.எஃப்.பில் அங்குலத்துக்கு 24 மரை, எம்8இல் சுமார் 20. இரண்டு சுற்று ஏறி மூன்றாவதில் மரையைத் தின்றுவிடும்.

“மலை ஏறினா சூடாகுது, முன்னெல்லாம் ஆகல”

விசிறி திருப்பிப் பூட்டப்பட்டிருக்கிறதா, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள அட்டை, ரப்பர் பட்டைகள் விடுபட்டிருக்கின்றனவா, எக்ஸ்ட்ரா ஹாரனும் பாக் லேம்பும் காற்றை மறைக்கின்றனவா என்று பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்பு ரேடியேட்டர் குழாயில் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

“எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட் அடிச்சுக் காட்டுறாங்க”

டூம் திசை சரியில்லை. டயர் காற்று சரிபார்த்து, சமதளத்தில் சுவருக்கு முன் 7.5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். டூமின் நடு உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, டிம்மின் வெட்டுக்கோடு அதற்கு 7.5 செ.மீ. கீழே விழும்படி மேல் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே ஏற வேண்டும். வலது பக்கம் ஏறினால் அந்தக் கண்ணாடி வலதுபக்கம் ஓடும் நாட்டுக்கானது, எவ்வளவு திருப்பினாலும் சரிவராது, மாற்றத்தான் வேண்டும். டூம் வளையத்தைப் பூட்டியபின் மீண்டும் ஒருமுறை சுவரில் பாருங்கள், இறுக்கும்போது டூம் கொஞ்சம் நகரும். பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அம்பாசிடரின் பின் ஸ்பிரிங் தழைந்தால் முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் கூடவே ஏறும்.